உளவியல் ஆய்வில் சம்மதம் என்றால் என்ன?

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளை முடிந்த முதல் பீரியட். பாடம் எடுக்க வேண்டிய ஆசிரியர் ஒரு முதுகலை மாணவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவங்க புராஜெக்டுக்கு டேட்டா வேணுமாம், எல்லாரும் நிரப்பிக் கொடுங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்றார். ஆளுக்கொரு தாள் வந்தது. மேலே "உங்கள் பதில்கள் இரகசியமாக வைக்கப்படும்" என்று அச்சிட்டிருந்தது. அதற்கு நேர் கீழே ரோல் நம்பர் எழுத ஒரு கட்டம். அப்புறம் ஒன்பது கேள்விகள். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று போய், ஒன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: கடந்த இரண்டு வாரங்களில், இறந்துவிட்டால் நல்லது என்றோ உங்களையே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா?

எனக்கு அது மோசமான காலம். உண்மையைக் குறித்தேன். கையெழுத்துப் போட்டேன், தாளைக் கொடுத்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. பத்து நாள் கழித்து, அந்தத் தாள்களையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட உதவிய என் வகுப்புத் தோழி வராந்தாவில் நிறுத்தி, "கடைசிக் கேள்விக்கு ஏன்டி அப்படிப் போட்டிருக்க?" என்று கேட்டாள். அக்கறையோடுதான் கேட்டாள். எனக்கு அன்று நின்ற இடத்தில் உடம்பு கூசியது இன்னும் நினைவிருக்கிறது.

இதை யாரிடமாவது சொன்னால் வரும் முதல் பதில், "நீதானே கையெழுத்துப் போட்ட?" இரண்டாவது பதில், "வெறும் கேள்விதானே, ஊசியா போட்டாங்க?" இந்த இரண்டு பதில்களும் தவறு. ஆனால் உளவியல் படிக்கிறவர்களிடமே இவை சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. ஆய்வு நெறிமுறை என்றாலே ஒரு படிவம், ஒரு கையெழுத்து, எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து ஒரு அனுமதி நம்பர் என்று ஆகிவிட்டது. அந்தப் படிவம் எதற்காக வந்தது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

கல்யாணப் பந்தியிலிருந்து தொடங்கலாம்

பந்தியில் உட்கார்ந்துவிட்டீர்கள். உட்கார்ந்ததே ஒரு சம்மதம்தான், சாப்பிடத்தானே வந்தீர்கள். அதற்காக இலையில் விழுவதையெல்லாம் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. ஏதோ ஒரு கூட்டோடு வருகிறவரிடம் "இதுல முந்திரி இருக்கா?" என்று கேட்கிறீர்கள், ஏனென்றால் உங்கள் பிள்ளைக்கு அது ஆகாது. அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்றாவது சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அவர் அடுத்த இலைக்குப் போகிறார். பாதி பரிமாறும்போது போதும் என்று தோன்றினால் வாய் திறக்கக்கூடத் தேவையில்லை, இலைக்கு மேல் கையை நீட்டினால் போதும், கரண்டி நின்றுவிடும்.

இப்போது இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பரிமாறுகிறவர் உங்கள் மேலதிகாரி. அல்லது கல்யாணமாகி முதல் தடவை போன வீட்டில் மாமியார். "வேண்டாம்" என்ற சொல் அதே சொல்தான், ஆனால் வாயிலிருந்து வருவதில்லை. கையை நீட்டினாலும் "அட, சும்மா சாப்பிடுங்க" என்று விரலுக்கு மேலேயே ஊற்றுகிறார்கள்.

உளவியல் ஆய்வில் பங்கெடுக்கிற ஒருவருக்கு வேண்டியவை இவைதான். என்ன பரிமாறுகிறார்கள் என்று தெரிய வேண்டும். தெரிந்தது புரிய வேண்டும். பயமோ கட்டாயமோ இல்லாமல் ஆம், இல்லை சொல்ல முடிய வேண்டும். இவை மூன்றும் சேர்ந்ததைத்தான் தகவலறிந்த ஒப்புதல் என்கிறார்கள், கல்லூரிகளில் இன்ஃபார்ம்டு கன்சென்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இலைக்கு மேல் நீட்டுகிற அந்தக் கைக்கு விலகும் உரிமை என்று பெயர்: தொடங்கிய பிறகும், எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமல், எதையும் இழக்காமல் நிறுத்திக்கொள்ளலாம்.

சுருக்கமாக, கையெழுத்து என்பது பந்தியில் உட்கார்ந்ததற்கான அடையாளம் மட்டுமே. ஒப்புதல் கடைசி நிமிடம் வரை தொடர்ந்து இருந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்று.

நியூ ஹேவன், 1961: நான்கரை டாலரும் முப்பது பொத்தான்களும்

விலகும் உரிமை என்பது சும்மா ஒரு சம்பிரதாய வரி என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது ஸ்டான்லி மில்கிராமின் ஆய்வைத்தான். பலருக்கு இதன் முடிவு தெரியும், நடந்த விதம் தெரியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் நியூ ஹேவன். 1961-இல் அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. நினைவாற்றலும் கற்றலும் பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வந்துபோகும் செலவுக்கு 50 சென்ட். 20 முதல் 50 வயது வரையான ஆண்கள் வந்தார்கள். முதலில் வெளியான ஆய்வில் 40 பேர். வந்தவரோடு இன்னொருவரும் காத்திருப்பார், நடுத்தர வயது, பார்க்க நல்ல மனிதர். அவர் ஆய்வாளர்களின் ஆள் என்பது வந்தவருக்குத் தெரியாது. யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள், இரண்டு சீட்டிலும் "ஆசிரியர்" என்றே எழுதியிருக்கும். மாணவரை அடுத்த அறையில் நாற்காலியோடு கட்டி, மின்கம்பியை மாட்டுவார்கள். ஆசிரியரின் முன்னால் ஒரு பெட்டி, 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 பொத்தான்கள். மாணவர் தப்பாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்தடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். உண்மையில் அந்த அறைக்கு மின்சாரமே போகவில்லை. ஆனால் அழுத்துகிறவருக்கு அது தெரியாது, தொடங்கும் முன் நம்பிக்கை வருவதற்காக அவர் கையிலேயே 45 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துக் காட்டியிருந்தார்கள்.

300 வோல்ட்டில் அடுத்த அறையிலிருந்து சுவரை உதைக்கும் சத்தம் கேட்கும். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரத்தில் சத்தமே இருக்காது.

40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த எண், "மனிதன் எவ்வளவு கீழ்ப்படிவான் பார்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய எண். அதே கட்டுரையில் அவர்களுடைய உடம்பு என்ன பட்டது என்றும் மில்கிராமே எழுதியிருக்கிறார். வியர்வை, நடுக்கம், திக்கல், உதட்டைக் கடித்துக்கொள்வது, நகத்தைச் சதைக்குள் அழுத்திக்கொள்வது. 14 பேருக்கு அடக்க முடியாத, இடத்துக்குப் பொருந்தாத சிரிப்பு. 3 பேருக்கு வலிப்பு மாதிரி உடம்பு உதறியது, அதில் ஒருவருக்கு அளவு மீறிப்போனதால் ஆய்வையே நிறுத்தினார்கள்.

சரி, இவர்கள் ஏன் எழுந்து போகவில்லை? வந்தவுடனே அவர்களிடம் பணத்தைக் கொடுத்து, இங்கே என்ன நடந்தாலும் இது உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டார்கள். பணம் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டது வேறு. "இதுக்கு மேல என்னால முடியாது, அந்த ஆளைப் போய்ப் பாருங்க" என்று ஒருவர் சொன்னால், கோட்டுப் போட்ட ஆய்வாளர் சொல்ல வேண்டிய வரிகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. முதலில், தயவுசெய்து தொடருங்கள். அடுத்து, நீங்கள் தொடர வேண்டும் என்பது ஆய்வின் தேவை. மூன்றாவது, நீங்கள் தொடர்வது மிக மிக அவசியம். நான்காவது: உங்களுக்கு வேறு வழியில்லை, நீங்கள் தொடர்ந்தே ஆக வேண்டும்.

அந்த நான்காவது வரியைத்தான் நான் எப்போதும் படித்துக் காட்டுவேன். அது பொய். அவர்களுக்கு வழி இருந்தது, கதவும் இருந்தது. இலைக்கு மேல் நீட்டிய கையை ஒவ்வொரு தடவையும் மெதுவாக, மரியாதையாக நகர்த்திவிட்டு ஊற்றியிருக்கிறார்கள்.

1964-இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இதைக் கண்டித்து எழுதினார். ஆய்வுக்கூடம் என்பது வந்தவருக்குப் புது இடம், என்ன செய்வது என்று தெரியாமல் ஆய்வாளரையே நம்பி நிற்கிறார், அந்த நம்பிக்கையை வைத்தே அவரை வருத்துவது சரியில்லை என்பது அவர் வாதம். மில்கிராமும் பதில் சொன்னார். பின்னால் அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பதில் தந்தவர்களில் 84 சதவீதம் பேர் பங்கெடுத்ததில் மகிழ்ச்சி என்று சொன்னதாகவும், வருந்தியவர்கள் 1.3 சதவீதம்தான் என்றும் காட்டினார். இந்த எண்ணை இன்றைக்கும் ஆய்வுக்கு ஆதரவாகக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பின்னால் மகிழ்ச்சி என்று சொன்னது, முன்னால் கேட்காமல் விட்டதற்கு அனுமதி ஆகாது. போதும் என்ற பிறகும் ஊற்றிய பாயசம் ருசியாக இருந்திருக்கலாம், போதும் என்று சொன்னது சொன்னதுதானே.

இதுவரை பார்த்தது: மில்கிராம் ஆய்வில் அடுத்த அறையில் இருந்தவருக்கு மின்சாரமே பாயவில்லை, ஆனாலும் பொத்தானை அழுத்தியவர்கள் வேதனைப்பட்டார்கள். உளவியல் ஆய்வில் தீங்கு என்பது ஊசியாலும் கத்தியாலும் மட்டும் வருவதில்லை.

என்ன என்று சொல்லாமல் வாங்கும் சம்மதம்

அடுத்துச் சொல்லப்போவது மருத்துவ ஆய்வு, உளவியல் இல்லை. ஆனால் இன்றைய விதிகள் பெரும்பாலும் இதன் அதிர்ச்சியில்தான் பிறந்தன, அதனால் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊர்ப் பக்கம், 1932-இலிருந்து 1972 வரை, நாற்பது வருஷம், அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களைக் கவனித்துக்கொண்டிருந்தது. அதில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அவர்களிடம் "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தித் திரவம் எடுத்ததை இலவசச் சிகிச்சை என்றார்கள். பென்சிலின் வந்து, 1940-களின் கடைசியில் அதுதான் முறையான மருந்து என்று ஆன பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சாப்பாடும் ஈமச் செலவும் கொடுத்தார்கள். ஏழைக் குடியானவர்கள், வந்தார்கள்.

அவர்களும் சம்மதித்துத்தான் வந்தார்கள், ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தகவல் இல்லாத ஒப்புதல் அது.

இது பத்திரிகையில் வெளிவந்தது 1972 ஜூலையில். அடுத்து 1974-இல் ஆய்வில் பங்கெடுப்பவர்களைக் காக்க ஒரு சட்டம், 1979-இல் அமெரிக்க அரசு அமைத்த குழுவின் பெல்மாண்ட் அறிக்கை. அந்த அறிக்கை மூன்று கொள்கைகளைச் சொன்னது. ஆளை மதி. நன்மை கூடவும் தீங்கு குறையவும் பார். ஆய்வின் சுமை ஒரு கூட்டத்தின் தலையிலும் பலன் இன்னொரு கூட்டத்தின் கையிலும் போகாமல் நியாயமாகப் பங்கிடு. உலகம் முழுக்க நெறிமுறைக் குழுக்கள் இன்று கேட்கும் கேள்விகளில் நிறைய இந்த மூன்றிலிருந்து கிளைத்தவை.

தகவல் கொடுப்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது. கொடுத்தேன் என்று காட்டுவது ஒன்று, போய்ச் சேருவது இன்னொன்று. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக்கில் 689,003 பேரின் பக்கத்தில் சோகமான பதிவுகளையோ மகிழ்ச்சியான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று பார்த்தார்கள். கட்டுரை 2014-இல் வந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. ஒப்புதல் எங்கே என்று கேட்டதற்கு, கணக்குத் தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட விதிமுறைகளைக் காட்டினார்கள். வெளியிட்ட ஆய்விதழே பிறகு இதில் தனக்குக் கவலை உண்டு என்று குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் இதே குறைதான் வேறு உருவத்தில் இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குகிறார்கள், இல்லையென்றால் "இவ்வாய்வின் நோக்கம் யாதெனில்" என்று தொடங்கும் மொழிபெயர்ப்பைக் கொடுக்கிறார்கள். இரண்டுமே அவருக்கு ஒன்றுதான்.

அப்படியானால் ஆய்வில் பொய்யே சொல்லக் கூடாதா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சில ஆய்வுகளில் முழு உண்மையை முன்பே சொன்னால் ஆய்வே செத்துவிடும். "யாராவது கீழே விழுந்தால் நீங்கள் உதவுகிறீர்களா என்று பார்க்கப்போகிறோம்" என்று சொல்லிவிட்டால் எல்லோரும் ஓடிவந்து தூக்குவார்கள். அதனால் நோக்கத்தை மறைப்பது அல்லது தற்காலிகமாக வேறொன்று சொல்வது சில நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படுகிறது. வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும். உடலுக்கு வலியோ மனத்துக்குக் கடுமையான வேதனையோ தரக்கூடியதை மறைக்கக் கூடாது. முடிந்ததும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைக்குப் பெயர் டீபிரீஃபிங், ஆய்வுக்குப் பிந்தைய விளக்கம். பிறந்தநாளுக்கு உங்களை ஏமாற்றி எங்கோ கூட்டிப்போகிறார்கள், கதவைத் திறந்ததும் எல்லோரும் நிற்கிறார்கள். அந்தப் பொய்யை நீங்கள் மன்னிக்க முடிவதற்குக் காரணம், அடுத்த நிமிடமே அது உடைந்துவிடுகிறது. அதே பொய்யை ஆறு மாதம் கழித்துக் கடிதத்தில் சொன்னால்?

மில்கிராம் ஆய்வில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. அடுத்த அறையிலிருந்தவர் நலமாக இருக்கிறார் என்று காட்டிச் சமாதானப்படுத்தியே அனுப்பியதாகக் கட்டுரை சொல்கிறது. ஆனால் ஜினா பெரி என்ற ஆஸ்திரேலிய உளவியலாளர் யேல் ஆவணக்காப்பகத்தில் ஒலிநாடாக்களைக் கேட்டும் பங்கெடுத்தவர்களைத் தேடிப் பேசியும் பார்த்தபோது, பலரிடம் மின்சாரமே இல்லை என்ற முழு உண்மையை அன்றைக்குச் சொல்லவில்லை என்று தெரியவந்தது. அவர்களுக்கு அது மாதங்கள் கழித்துத் தபாலில்தான் போயிற்று. அத்தனை நாளும் ஒரு மனிதருக்கு என்ன ஆனதோ என்ற எண்ணத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

மில்கிராம் ஆய்வை இன்று செய்யவே முடியாது, நெறிமுறை விதிகள் அறிவியலைக் கட்டிப்போட்டுவிட்டன என்று ஒரு பேச்சு உண்டு. செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஜெரி பர்கர் செய்து 2009-இல் வெளியிட்டார். அடுத்த அறைக்காரரின் குரல் கேட்கும்படி மில்கிராம் பின்னால் செய்த இன்னொரு வடிவத்தின் தரவுகளை அவர் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். 150 வோல்ட்தான் முக்கியமான இடம், வெளியே விடுங்கள் என்று அடுத்த அறைக்காரர் முதன்முதலாகக் கேட்கும் இடம், அதைத் தாண்டியவர்களில் 79 சதவீதம் பேர் 450 வரை போயிருந்தார்கள். அப்படியானால் 150-இல் நிறுத்திவிட்டாலே தெரிய வேண்டியது தெரிந்துவிடும், அதற்கு மேல் வதைக்கத் தேவையில்லை. மன அழுத்தத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களை முன்கூட்டியே பேசிப் பார்த்து விலக்கினார். மாதிரிக்குக் கொடுத்த அதிர்ச்சி 45 வோல்ட் இல்லை, 15. ஆய்வை நடத்தியவர் மருத்துவ உளவியலாளர், யாராவது அதிகம் தவிப்பதாகத் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் 50 டாலர் உங்களுடையதுதான் என்று ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று தடவை சொன்னார்கள். முடிந்த சில நொடிகளில் உண்மையைச் சொல்லி, அடுத்த அறைக்காரரையும் நேரில் காட்டினார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 70 சதவீதம் பேர் 150-ஐத் தாண்டத் தயாராக இருந்தார்கள். ஆட்களைக் காப்பாற்றியும் விடை கிடைத்தது. எனக்கு இந்த ஆய்வின் மேல் பெரிய மரியாதை உண்டு, முடிவுக்காக இல்லை, அந்த 150-ஐத் தேடிக் கண்டுபிடித்த பொறுமைக்காக.

சுருக்கமாக, மறைப்பது சில இடங்களில் அனுமதி. அது குறைவாகவும், தீங்கில்லாமலும், உடனே உடைபடுவதாகவும் இருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள்

குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறேன். 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் வெளியிட்ட ஆய்வில் ஆல்பர்ட் என்று பெயர் குறித்த ஒரு குழந்தை. பதினோரு மாதம். வெள்ளை எலியைத் தொடப்போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது, பிறகு முயலுக்கும் நாய்க்கும் அழுதது. ஏற்றிய பயத்தை இறக்காமலே குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. பாடப்புத்தகத்தில் இது பயம் கற்றுக்கொள்ளப்படுவதற்குச் சான்று என்று வரும். அந்தக் குழந்தையின் தாய் அதே மருத்துவமனை வளாகத்தில் வேலை பார்த்தவர் என்பது அவ்வளவாக வராது.

1939-இல் அயோவாவில் இன்னும் மோசம். வெண்டல் ஜான்சன் என்ற பேச்சு நோயியல் ஆய்வாளரின் மேற்பார்வையில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் 22 பிள்ளைகள். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 6 பேரிடம், உனக்குத் திக்குகிறது, சரியாக வராவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல். மாநிலம் 925,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது 2007-இல், அதற்குள் அந்தப் பிள்ளைகளில் சிலர் இறந்தே போயிருந்தார்கள்.

இந்த ஆபத்து வளர்ந்தவர்களுக்கும் உண்டு. கைதிகள், ஒரு டாக்டரின் நோயாளிகள், ஒரு முதலாளியின் தொழிலாளிகள், ஒரு ஆசிரியரின் மாணவர்கள். எங்கெல்லாம் கேட்கிறவர் கையில் உங்கள் மார்க்கோ சம்பளமோ மருந்தோ இருக்கிறதோ, அங்கெல்லாம் "விருப்பமிருந்தால்" என்ற சொல் பலவீனமாகிவிடும். இப்படிப்பட்டவர்களைப் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகக்கூடியவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தனியாகவே கவனிக்கின்றன. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது, ஏழு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையிடமும் கேட்க வேண்டும் (பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில்). இதற்கு இசைவு என்று பெயர். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தால் அதற்கு மதிப்பு உண்டு.

எங்கள் வகுப்பில் அன்று ஆசிரியர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அறுபது தாள் கொடுத்தார்கள், அறுபதும் நிரம்பித் திரும்பின. அந்த அறுபதுக்கு அறுபதை அன்று எல்லோரும் நல்ல ஒத்துழைப்பு என்றார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி என்ன செய்கிறது

நெறிமுறைக் குழு என்பது ஆய்வு தொடங்கும் முன் திட்டத்தைப் படித்துப் பார்த்து, பங்கெடுப்பவர்களின் பக்கம் நின்று கேள்வி கேட்கும் குழு. அதே 2017 நெறிமுறைகளின்படி 7 முதல் 15 பேர், அவர்களில் பாதியாவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் தெரிந்தவர், அப்புறம் எந்தத் துறையையும் சேராத ஒரு பொதுஜனம். கடைசி ஆளை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். "இந்தத் தாள் எனக்கே புரியலையே" என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

குழு ஒப்புதல் தந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. 1971 ஆகஸ்டில் உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் பிரித்து நடத்திய போலிச் சிறை ஆய்வுக்குப் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி இருந்தது. இரண்டு வாரத் திட்டம் ஆறே நாளில் நின்றது. அங்கே ஆய்வாளரே சிறைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். "நான் போகணும்" என்று பங்கேற்பாளர் யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரே சிறையை நடத்திக்கொண்டும் இருந்தார். இதுமாதிரி முடிச்சு ஒரு படிவத்தில் தெரியாது.

பெயர் எழுதாதது வேறு, இரகசியம் வேறு

கடைசியாக, நான் மாட்டிக்கொண்ட இடம். அநாமதேயம் என்றால் யார் எழுதியது என்று ஆய்வாளருக்கே தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. வாக்குச்சாவடி மாதிரி. விரலில் மை இருக்கும், யாருக்குப் போட்டீர்கள் என்று எவருக்கும் தெரியாது. இரகசியம் காப்பது என்றால் ஆய்வாளருக்குத் தெரியும், ஆனால் வெளியே விடமாட்டார். குடும்ப டாக்டர் மாதிரி. ரோல் நம்பரையோ மின்னஞ்சலையோ கேட்கிற தாள் அநாமதேயம் ஆகாது. இரகசியம் காப்போம் என்று எழுதிவிட்டு, அதே வகுப்பில் படிக்கும் பெண்ணிடம் தாள்களைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் இரகசியமும் இல்லை.

இரண்டுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் யோசிக்க வேண்டும். முழு அநாமதேயம் என்றால், அனுப்பிய பிறகு "என் பதிலை எடுத்துவிடுங்கள்" என்று கேட்க முடியாது, எது உங்களுடையது என்று யாருக்கும் தெரியாதே. அதைவிடப் பெரியது, அந்த ஒன்பதாவது கேள்வி. அந்த ஒன்பது கேள்விகளும் பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாளிலிருந்து வந்தவை, இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் கல்லூரி புராஜெக்டுகளில் நிறையவே சுற்றுகிறது. கடைசிக் கேள்விக்கு ஒரு மாணவர் "கிட்டத்தட்ட தினமும்" என்று குறித்து அனுப்பினால் என்ன செய்வீர்கள்? அநாமதேயம் என்றால் அவரைத் தேட வழியில்லை. பெயர் தெரியும் என்றால் யார் பேசுவது, எப்போது, என்ன சொல்லி? இதற்கு விடை இல்லாமல் அந்தக் கேள்வியை யாரிடமும் நீட்டக் கூடாது. இல்லையென்றால் ஒன்பதாவதை எடுத்துவிட்டு, எட்டுக் கேள்வி வடிவத்தைப் பயன்படுத்தலாம், அப்படியும் ஒன்று இருக்கிறது.

இப்போது மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கூகுள் படிவங்களை நான் திறந்ததும் முதல் பத்தியைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் "படிப்புக்காக மட்டும், ப்ளீஸ் ஃபில்" என்று ஒரு வரி இருக்கும். ஒன்பது கேள்விகளோடு நான் அனுப்புவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"நான் முதுகலை உளவியல் மாணவி. கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு பற்றித் தெரிந்துகொள்ள இதை அனுப்புகிறேன். ஒன்பது கேள்விகள், ஐந்து நிமிடம் ஆகும். பெயர், ரோல் நம்பர், மின்னஞ்சல் எதுவும் கேட்கவில்லை, அதனால் அனுப்பிய பிறகு உங்கள் பதிலை எங்களால் திரும்ப எடுக்க முடியாது. நிரப்பாவிட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, யார் நிரப்பினார்கள் என்று உங்கள் ஆசிரியருக்கும் தெரியாது. நடுவில் நிறுத்தத் தோன்றினால் பக்கத்தை மூடிவிடுங்கள், எங்களுக்கு எதுவும் வராது. கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நிரப்பலாம். உங்களுக்கு அப்படி எண்ணம் வந்துகொண்டிருந்தால், நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாததால் எங்களால் உங்களைத் தேடி வர முடியாது, 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) இப்போதே கூப்பிடுங்கள், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்."